ஸ்டாக்ஹோமில் ஃபீக்கா நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் ஸ்டாக்ஹோம் வந்தாலும், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். அந்தக் காபி டூருக்குப் போகலாமா, முட்டை இருக்குமா, குளிருமா, காசு எவ்வளவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசி அனுப்பி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கைடு இல்லை. இங்கே குடியிருந்துகொண்டு, விருந்தினரோடு இந்த நடைகளுக்குப் பலமுறை போய்வந்து, இப்போது பெரும்பாலும் நானே கூட்டிப்போகிற ஆள், அவ்வளவுதான்.

ஃபீக்கான்னா காபி பிரேக்தானே? அதுக்குப் போய் ஒரு டூரா?

காபி, கூடக் கடிக்க ஏதாவது, எதிரே பேச ஒரு ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால் ஃபீக்கா. காபிக்கு அந்தக் காலத்தில் 'கஃபி' என்று ஒரு சொல் இருந்தது, 19-ஆம் நூற்றாண்டில் அசைகளை முன்பின்னாக மாற்றிப் பேசும் குறும்புப் பேச்சில் அது திரும்பி ஃபீக்கா ஆனது என்கிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் 'க' பாஷை பேசினோமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. அலுவலகங்களில் காலை ஒன்பதரை வாக்கில் ஒருமுறை, மதியம் மூன்று வாக்கில் ஒருமுறை, மேலாளர் உட்பட எல்லோரும் எழுந்து போய் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கணினி முன்னாலேயே கோப்பையை வைத்து உறிஞ்சினால் அதற்குப் பெயர் காபி குடிப்பது, ஃபீக்கா இல்லை.

டூர் எதற்கு என்றால், இந்த ஊரில் காபிக்கும் பன்னுக்கும் பின்னால் நிறையக் கதை கிடக்கிறது. காபியைத் தடை செய்திருக்கிறார்கள், ஒரு ராஜா பன் சாப்பிட்டுச் செத்தார் என்கிறார்கள், ஒரு கேக்குக்கு இளவரசிகள் பெயர். இதெல்லாம் நடந்த இடங்கள் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன.

அந்த நடையில் என்னதான் நடக்கும்?

எட்டு, பத்துப் பேர் ஓரிடத்தில் கூடுவீர்கள். கைடு இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை கூட்டிப்போவார், நடுவில் நான்கைந்து கடைகளில் நிறுத்துவார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அல்லது ஒரு சின்ன பன், இரண்டு மூன்று இடங்களில் காபி. நடக்கிற தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். பழைய நகரமான காம்லா ஸ்தான் ஒரு பாதை, தெற்கே சோடர்மால்ம் இன்னொரு பாதை, சிலர் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள்.

புக் செய்யும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை இடத்தில் உட்கார வைக்கிறார்கள். நான் முதன்முதலில் போன நடையில் ஆறு கடை என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். நவம்பர் மாதம், மழையும் பனியும் கலந்து அடிக்கிறது, ஆறில் ஐந்து இடத்தில் காகிதப் பையில் பன்னைக் கொடுத்துத் தெருவிலேயே நிற்க வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். என் கையுறை முழுக்கச் சர்க்கரை. கடை குறைவாக இருந்தாலும் இரண்டு இடத்திலாவது அரை மணி நேரம் உட்கார வைக்கிற நடையாகப் பாருங்கள்.

எவ்வளவு ஆகும்? ரொக்கம் கொண்டு வரட்டுமா?

தின்பண்டமும் காபியும் சேர்ந்த நடைக்குப் பல நூறு குரோனர் கேட்பார்கள். 'இலவச நடை' என்று விளம்பரம் செய்வார்களே, அதில் சாப்பாடு சேராது, கடைசியில் கைடுக்கு நீங்கள் விரும்பியதைக் கொடுக்க வேண்டும். தனியாகக் கடைக்குப் போனால் ஒரு நல்ல பன் 40 குரோனரை ஒட்டி, சாதாரணக் காபியும் ஏறக்குறைய அதே விலை.

ரொக்கம் வேண்டாம். பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். இங்கே எல்லோரும் ஸ்விஷ் என்ற செயலியில் பணம் அனுப்புவார்கள், அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் உங்களுக்கு உதவாது. வெளிநாட்டில் ஓடும்படி செய்த கார்டு ஒன்று போதும், இரண்டாவதாக ஒன்று பையில் இருந்தால் நிம்மதி. கடைகளில் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள்.

காபி நம்ம ஃபில்டர் காபி மாதிரி இருக்குமா?

இருக்காது. அந்த எதிர்பார்ப்போடு போனால் முதல் வாயிலேயே முகம் சுருங்கும். இங்கே அன்றாடக் காபிக்குப் பெயர் பிரிக்-கஃபே: காகித வடிகட்டியில் இறங்கின கறுப்புக் காபி, பெரிய கோப்பையில். சிக்கரி கிடையாது, வறுவல் பெரும்பாலும் நடுத்தரம், பால் வேண்டுமானால் ஒரு சொட்டு ஊற்றிக்கொள்வார்கள். டிகாக்‌ஷனில் பாலைக் கலந்து நுரை வர ஆற்றிக் குடித்த நாக்குக்கு இது கொஞ்சம் தண்ணீராகத்தான் படும். ஆனால் இனிப்பான பன்னோடு சேர்த்துக் குடித்துப் பாருங்கள், ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று புரியும்.

கெட்டியாகத்தான் வேண்டும் என்றால் தென்கோடியிலுள்ள ஹெல்சிங்போரியில் 1886-இல் தொடங்கிய சோயெகாஸ் என்ற காபித்தூளைத் தேடுங்கள், அவர்களுடைய கறுத்த வறுவல் நம் ருசிக்குக் கொஞ்சம் கிட்டே வரும். வடக்கே போனால் இன்னொரு வழக்கம்: கொரகொரப்பாக அரைத்த தூளைப் பானையில் போட்டுக் கொதிக்கவிட்டு, அடியில் தங்கியபின் ஊற்றுவது. அதற்குக் கோக்-கஃபே என்று பெயர். அதற்குள் ஒரு வகைப் பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டுக் குடிப்பதும் உண்டு. என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஒரே ஒரு பன்தான் சாப்பிட முடியும்னா எது?

ஏலக்காய் பன். கார்தெமும்மாபுல்லே. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உலகத்துக்குத் தெரிந்தது பட்டை போட்ட கனேல்புல்லேதான். அதற்கு அக்டோபர் 4 என்று ஒரு நாளே இருக்கிறது, 1999 முதல் கொண்டாடுகிறார்கள், அன்றைக்கு நாடே பன் சாப்பிடும். நன்றாகத்தான் இருக்கும், மேலே வெள்ளைச் சர்க்கரை முத்துகள் தூவியிருப்பார்கள். ஆனால் ஏலக்காய் பன்னில் ஏலரிசியைப் பொடியாக அரைக்காமல் இடித்துப் போடுகிறார்கள், மாவிலும் இருக்கும், உள்ளே தடவும் வெண்ணெய்-சர்க்கரையிலும் இருக்கும், மேலே தூவியும் இருக்கும். கறுப்புக் கறுப்பாகப் பல்லில் சிக்கி அப்புறம் வெடிக்கும். பாயாசத்தில் ரெண்டு ஏலக்காய் தட்டிப்போட்டு வளர்ந்த நமக்கே இவ்வளவு ஏலக்காயா என்று இருக்கும். முடிச்சுப் போட்ட மாதிரி சுற்றியிருப்பதையும், அடிப்பாகம் வெண்ணெயில் ஊறிச் சிவந்திருப்பதையும் பார்த்து எடுங்கள். சூடாக இல்லாவிட்டாலும் அன்று காலை சுட்டதாக இருக்க வேண்டும், மறுநாள் பன் வெறும் ரொட்டி.

பச்சையா உருண்டையா ஒரு கேக், அப்புறம் 'வேக்குவம் கிளீனர்'னு ஒண்ணு. என்ன கதை?

பச்சை உருண்டை பிரின்செஸ்டோர்டா, இளவரசி கேக். ஸ்பாஞ்ச், வனிலா கஸ்டர்டு, மலைபோலக் கிரீம், எல்லாவற்றையும் மூடி பாதாம் பசையில் ஒரு பச்சைப் போர்வை, உச்சியில் ஒரு ரோஜா. யென்னி ஓகர்ஸ்ட்ரெம் என்ற சமையல் ஆசிரியை போட்டது. மார்கரெத்தா, மார்த்தா, ஆஸ்ட்ரிட் என்ற மூன்று இளவரசிகள் அவருடைய மாணவிகள். மார்த்தா பிற்பாடு நார்வேயின் பட்டத்து இளவரசி, ஆஸ்ட்ரிட் பெல்ஜியத்தின் ராணி. முதலில் இதற்கு வெறும் 'பச்சைக் கேக்' என்றுதான் பெயர். ஒரு முழுத் துண்டை ஒருவராகத் தின்ன முடியாது, இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள்.

மற்றது டம்சூகரே. சொல்லுக்கு நேர்ப்பொருளே தூசி உறிஞ்சி. விரல் நீளம், பச்சைப் பாதாம் பசை சுற்றி, இரு முனையும் சாக்லேட்டில் முக்கியிருக்கும். அந்தக் காலத்து வேக்குவம் கிளீனர் மாதிரியே இருப்பதால் அந்தப் பெயர் என்பது ஒரு கதை, கடையில் மிஞ்சிய கேக் தூளையெல்லாம் உறிஞ்சி எடுத்து உள்ளே வைக்கிறார்கள் என்பது இன்னொரு கதை. இரண்டாவது எனக்குப் பிடித்தது, கேட்டால் பேக்கரிக்காரர்கள் சிரிப்பார்கள், மறுக்க மாட்டார்கள்.

நாங்க சைவம். முட்டையும் தொடமாட்டோம். வந்து என்ன பண்றது?

வரலாம், ஆனால் புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், கடை வாசலில் நின்று சொன்னால் கைடுக்கும் கஷ்டம். பன் மாவில் பொதுவாக முட்டை இருக்காது, சுடுவதற்கு முன் மேலே முட்டை பூசுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். கேக் வகை எல்லாவற்றிலும் முட்டை உண்டு, இளவரசி கேக்கில் சில கடைகள் ஜெலட்டினும் சேர்க்கும். கைகொடுப்பது ஷொக்லாட்போல்: ஓட்ஸ், வெண்ணெய், கோக்கோ, சர்க்கரை பிசைந்து உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டியது, அடுப்புக்கே போகாதது. வீகன் பன் இப்போது பல இடங்களில் உண்டு, ஓட்ஸ் பால் இந்த நாட்டுச் சரக்கு என்பதால் எங்கும் கிடைக்கும். 'ஏர் தெ எக் ஈ?' என்று கேட்டால் முட்டை இருக்கிறதா என்று பொருள்.

ஒருவர் 'மான்கொம்பு உப்பு' என்று எதிலோ படித்துப் பதறிப்போய்க் கேட்டார். தொட்டால் உதிர்கிற ட்ரெம்மார் பிஸ்கட்டில் போடும் யோர்ட்ஹூர்ன்ஸால்ட் என்பதற்கு நேர்ப்பொருள் அதுதான். பழங்காலத்தில் கொம்பை எரித்துத்தான் எடுத்தார்கள். இன்று அது தொழிற்சாலையில் செய்யும் அம்மோனியம் உப்பு, மானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எதிலாவது சாராயம் இருக்குமா?

மேலே சொன்ன டம்சூகரேயில் இருக்கும், அல்லது அதன் வாசனையாவது இருக்கும். அதன் இன்னொரு பெயர் புன்ஷ் சுருள். புன்ஷ் என்பது அராக் கலந்த இனிப்பு மது. அராக் இங்கே வந்தது 1731-இல் கோத்தன்பர்க்கில் தொடங்கிய ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில். இதே கம்பெனி 1733-இல் நம் பரங்கிப்பேட்டையில் ஒரு பண்டகசாலை போட்டது, அதே ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வந்து அதைக் காலி செய்துவிட்டார்கள். கைடு யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளுக்கும் வேண்டாதவர்களுக்கும் டம்சூகரேயைத் தவிர்த்துவிடுங்கள். பன்களில் பயமில்லை.

எந்த மாசம் வந்தா நல்லது?

என்ன தின்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. செம்லா வேண்டுமானால் கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து ஈஸ்டர் வரை. ஏலக்காய் போட்ட பன்னின் தலையைச் சீவி, உள்ளே பாதாம் விழுதும் கிரீமும் வைத்து, சீவிய தொப்பியைத் திரும்ப மூடியிருப்பார்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்தான் அதன் முறையான நாள், அன்றைக்குக் கடைகளில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். குங்குமப்பூ போட்ட லுஸ்ஸெகத் பன் வேண்டுமானால் டிசம்பர் 13 லூசியா நாளை ஒட்டி. ஆனால் டிசம்பரில் மதியம் மூன்று மணிக்குள் சூரியன் போய்விடும், நடையைக் காலையில் வையுங்கள். பாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கும், காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலையில் வெயில் நன்றாக இருக்கும், ஆனால் சின்ன பேக்கரிகள் பல அப்போதுதான் சில வாரம் கடையை மூடிவிட்டு விடுமுறைக்குப் போகும். என்னைக் கேட்டால் செப்டம்பர். கூட்டம் குறைந்திருக்கும், இளவரசி கேக்குக்கென்று ஒரு வாரமும் அந்த மாதத்தில் வரும்.

ஒரு ராஜா பன் தின்னே செத்தாராமே, நிஜமா?

அடோல்ஃப் ஃப்ரெட்ரிக் 1771 பிப்ரவரி 12-ஆம் தேதி ஒரு பெரிய விருந்துக்குப் பின் இறந்தார், அது நிஜம். கடைசியாகச் சாப்பிட்டது சூடான பாலில் ஊறிய செம்லா. அதற்கு முன் இறால் வகை, கேவியர், முட்டைக்கோஸ், மீன், ஷாம்பெய்ன் எல்லாம் உள்ளே போயிருந்தன. பழியை மட்டும் பன் தலையில் போட்டுவிட்டார்கள். கைடுகள் பதினான்கு செம்லா என்று எண்ணிக்கை சொல்வார்கள். பதினான்கை யார் பக்கத்தில் நின்று எண்ணினார் என்று நான் கேட்பதில்லை, கதை கெட்டுவிடும்.

காபியைத் தடை பண்ணினதும் கட்டுக்கதையா?

இது கட்டுக்கதை இல்லை. 1746-இல் காபி, தேநீர் இரண்டுக்கும் கடுமையான வரி போட்டார்கள், கட்டாதவர்களுக்கு அபராதம், கோப்பையும் தட்டும் பறிமுதல். 1756-இல் முழுத் தடை. அதன்பின் எடுப்பதும் திரும்பப் போடுவதுமாகப் பலமுறை நடந்து, 1820-களின் தொடக்கத்தில்தான் ஓய்ந்தது. வெளிநாட்டுச் சரக்குக்கு நாட்டுப் பணம் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம், இது உடம்புக்கு விஷம் என்ற பேச்சு மறு பக்கம். ஜனங்கள் ஒளித்து வைத்துக் குடித்தார்கள்.

சந்தேகப்பட வேண்டியது மூன்றாம் குஸ்தாவ் கதையைத்தான். மேலே சொன்ன ராஜாவின் மகன். மரண தண்டனை பெற்ற இரட்டையர்களில் ஒருவனுக்குத் தினமும் காபி, மற்றவனுக்குத் தேநீர் கொடுத்து யார் முதலில் சாகிறான் என்று பார்க்கச் சொன்னாராம். கண்காணித்த மருத்துவர்கள் இருவரும் முதலில் போய்ச்சேர்ந்தார்கள், ராஜா 1792-இல் ஆப்பரா மாளிகையின் முகமூடி விருந்தில் சுடப்பட்டு இறந்தார், அப்புறம்தான் தேநீர்க்காரன் போனான், அதுவும் 83 வயதில். ராஜா சுடப்பட்டது வரலாறு. மற்றதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாத கைடை நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, குழந்தைக்குத் தள்ளுவண்டி. சரிப்படுமா?

காம்லா ஸ்தான் முழுக்கக் கருங்கல் பாவிய தெரு, தள்ளுவண்டிச் சக்கரம் தடதடவென்று ஆடும். மோர்டென் ட்ரோட்சிக் சந்து என்று 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்று இருக்கிறது, படிக்கட்டு வேறு, வண்டியோடு அங்கே போகவே முடியாது. சோடர்மால்ம் மேடு. அம்மாவுக்கு இரண்டுமே கஷ்டம்தான். கடைகளின் நடுவே மெட்ரோவில் போகிற மாதிரி நீங்களே அமைத்துக்கொள்வது நல்லது, எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு.

கடைக்குள்ளே எப்படி நடந்துக்கணும்? யாரும் வந்து ஆர்டர் எடுக்கமாட்டேங்கிறாங்களே?

எடுக்க மாட்டார்கள். பழைய கொண்டித்தோரிகளில், அதாவது உட்கார்ந்து கேக்கும் காபியும் சாப்பிடும் கடைகளில், வாசலருகே எண் சீட்டு இயந்திரம் இருந்தால் முதலில் சீட்டைக் கிழியுங்கள், பிறகுதான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட வேண்டும். பணம் கொடுத்துத் தட்டை நீங்களே தூக்கிவந்து, முடிந்ததும் நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். போதோர் என்ற சொல்லைப் பலகையில் தேடுங்கள்: இரண்டாவது கோப்பை. சொல்லைப் பிரித்தால் 'மேலே ஒரு துளி' என்று வரும். பல இடங்களில் பிரிக்-கஃபேக்கு அது இலவசம், கேட்காமல் போய் ஊற்றிக்கொள்ளலாம். காலிக் கோப்பையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

கைடு வேண்டாம், நாங்களே சுத்திக்கறோம். பாதை சொல்லுங்க.

குங்ஸ்காத்தன் தெருவில் வேத்தே-கத்தனில் தொடங்குங்கள், 1928-இல் எஸ்தர் நோர்ட்ஹாமர் என்ற பெண் தொடங்கிய கொண்டித்தோரி, அறைக்குள் அறையாகப் போகும். இளவரசி கேக்கை இங்கேயே முடித்துவிடலாம். அங்கிருந்து குங்ஸ்த்ரேட்கோர்டன் பூங்கா வழியாக ஆப்பரா மாளிகையை ஒட்டி வாருங்கள். குஸ்தாவ் சுடப்பட்ட கட்டடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் 1898-இல் திறந்தது இது. பாலம் தாண்டினால் அரண்மனை, செம்லா ராஜா இறந்த இடம். மேலே ஏறினால் ஸ்தூர்தோரியெத் சதுக்கம், 1520-இல் எண்பதுக்கும் மேற்பட்டோர் தலை உருண்ட இடம், இப்போது அதைச் சுற்றி ஹாட் சாக்லேட் விற்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். தெற்கு முனையில் யேர்ன்தோரியெத்தில், 1785 என்ற ஆண்டைப் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் சுண்ட்பெரிஸ் இருக்கிறது.

அப்புறம் ஸ்லுஸ்ஸன் சந்திப்பைக் கடந்து சோடர்மால்ம் மேட்டில் ஏறி மொன்தேலியுஸ்வேகன் நடைபாதைக்கு வந்தால் ஏரியும் நகர மன்றமும் மொத்தமாகக் கண்ணுக்குக் கீழே இருக்கும். இறங்கினால் மரியாதோரியெத். பக்கத்தில் ட்ராப் காபி என்ற வறுவல்கடை, இளவறுவல் காபிக்குப் பெயர் வாங்கியது, மேலே சொன்ன பிரிக்-கஃபேயின் உச்சம் இந்த வகைதான். எல்லாம் சேர்த்து நான்கு கிலோமீட்டர் பக்கம். திறக்கும் நேரத்தை அன்று காலை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தன்பர்க் போறோம், அங்கே உண்டா?

உண்டு. ஹாகா என்ற பகுதியில், கீழ்த்தளம் கல்லும் மேல் இரண்டு தளம் மரமுமான பழைய வீடுகளின் நடுவே. அங்கே ஹாகா பன் என்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பட்டை பன் விற்கும். நான்கு பேர் பிய்த்துத் தின்னலாம், பார்க்க வேடிக்கை, ருசியில் சின்னதுதான் மேல்.

ஆபீஸ்ல ஒருத்தர் 'ஃபீக்கா போலாமா'ன்னு கூப்பிட்டார். டேட்டிங்கா?

பெரும்பாலும் இல்லை. நண்பர், மாமியார், வீடு விற்கும் தரகர், எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவார்கள். முதல் சந்திப்புக்கும் இதே சொல்தான் என்பது உண்மை, அதனால்தான் யாருக்கும் சங்கடம் இல்லை. காசு அவரவர் கொடுப்பார்கள், நீங்கள் முந்திக்கொண்டு மொத்தமும் கொடுத்தால் அவர் முழிப்பார்.

ஊருக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?

பன் வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது. பெர்ல்சொக்கெர் என்ற சர்க்கரை முத்து ஒரு பொட்டலம், சோயெகாஸ் ஒரு பாக்கெட், டப்பாவில் அடைத்த பிஸ்கட் ஏதாவது. போன முறை வந்த சித்தி, மருமகளுக்கு பன் செய்துகாட்ட வேண்டும் என்று இங்கே பல்பொருள் அங்காடியில் ஏலக்காய் மூன்று பொட்டலம் எடுத்துக் கூடையில் போட்டார். உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்புவது குவாத்தமாலா, இதுவும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும் சித்தி என்றேன். சித்தி தேனிக்காரர், போடி ஏலக்காய்ச் சந்தைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஒன்றும் பேசாமல் மூன்றையும் திரும்ப அடுக்கிவிட்டு வந்தார்.